வார்டில் சுயேச்சையாக நிற்கப் போகிறவர்களுக்கு: ஒரு பூத் ஏஜெண்ட் எழுதும் வழிகாட்டி

கட்சிகள் கையில் இருக்கும் மாநகராட்சியை ஒரு சுயேச்சையால் திருத்த முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒரு கணக்கைத்தான் சொல்வேன். 2022 பிப்ரவரியில் சென்னையின் 200 வார்டுகளில் திமுக மட்டும் 153 வார்டுகளைப் பிடித்தது. அதிமுகவுக்கு 15, காங்கிரசுக்கு 13. சுயேச்சைகள் ஐந்து பேர். அந்த ஐந்து பேர் கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். ஆகவே மன்றத்தில் ஓட்டுப் போட்டு மாநகராட்சியை மாற்றிவிடலாம் என்ற நினைப்பில் நிற்க வேண்டாம்.

வேறொரு வழி இருக்கிறது, அதை நான் முழுசாக நம்புகிறேன். ஒரு வார்டின் கணக்கு வழக்கை அப்படியே அந்த வார்டு மக்கள் கையில் கொண்டுவந்து கொடுப்பது: எந்தத் தெருவுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யார் ஒப்பந்ததாரர், எஸ்டிமேட்டில் என்ன இருந்தது, தெருவில் என்ன வந்தது. கட்சிக் கவுன்சிலர் ஒருவர் நல்லவராகவே இருந்தாலும் இதைச் செய்வது கஷ்டம், ஏனென்றால் வட்டச் செயலாளர், பகுதிச் செயலாளர், மாவட்டம் என்று அவர் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் வரிசையாக மேலே இருக்கிறார்கள், ஒப்பந்ததாரரும் பெரும்பாலும் அந்த வரிசையில் யாருக்காவது வேண்டியவராக இருப்பார். சுயேச்சைக்கு மேலே யாரும் கிடையாது. அவருக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான், அதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படி இழக்காமல் இருப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2022-ல் சென்னைப் புறநகர் வார்டு ஒன்றில் சுயேச்சையாக நின்ற ஒரு அக்காவுக்கு நான் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். அவர் தோற்றார். என்னென்ன தப்பு செய்தோம் என்று அதற்கப்புறம் பல இரவு உட்கார்ந்து பேசியிருக்கிறோம். இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு காலம் 2027 மார்ச்சில் முடிகிறது.

எது மாநகராட்சி, எது இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல் வாக்குறுதி கொடுத்தால் முதல் ஆறு மாதத்திலேயே மக்கள் நம்பிக்கை போய்விடும். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் கையில். கரண்ட் மின்வாரியம். கட்டட அனுமதியில் பெரியவை சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். போக்குவரத்து நெரிசல் போலீஸ் கையில். பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகம். மாநகராட்சிக்கு என்று மிஞ்சுவது உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார மையம், சமுதாயக் கூடம், பொதுக்கழிப்பிடம், சொத்து வரி, தொழில் உரிமம். இதுவே பெரிய பட்டியல்தான். "உங்கள் வீட்டுக்குத் தினமும் தண்ணீர் வரவைப்பேன்" என்று சொல்லாதீர்கள். "குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு உங்களோடு வருவேன், மனு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு பதில் வரும்வரை விடமாட்டேன்" என்று சொல்லுங்கள், அது உண்மை.

மாநகராட்சிக்குள்ளும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆணையர் மாநில அரசு அனுப்பும் ஐஏஎஸ் அதிகாரி. மேயரை 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, எந்த முறை வேண்டும் என்பதைக்கூட முடிவு செய்வது கோட்டைதான். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 மார்ச் வரை, ஐந்து வருஷத்துக்கு மேல், சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலரை வைத்து ஓட்டினார்கள். புது மன்றம் வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வை மாநில அரசு அறிவித்தது: சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதம், 1,800-க்கு மேல் 150 சதவீதம். மன்றம் அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது. 1992-ன் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைக் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்டது, ஆனால் எதை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலத்திடம் விட்டுவிட்டது.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். எங்கே மோதினால் பலன் இருக்கும், எங்கே மோதினால் தலைதான் வலிக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

நிற்பதற்கு முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள்

எங்கள் அக்கா செய்த பெரிய தப்பு, தேர்தல் அறிவித்த பிறகு வேலையை ஆரம்பித்தது. குறைந்தது ஒன்றரை, இரண்டு வருஷம் வேண்டும். இப்போதே ஒரு பெரிய நோட்டு வாங்குங்கள், தெருவுக்கு ஒரு பக்கம். சாலை எப்போது போட்டது, வடிகால் எங்கே தொடங்கி எங்கே விழுகிறது, எத்தனை விளக்குக் கம்பம், எத்தனை எரியவில்லை, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது. மழை பெய்த அன்று குடையோடு போய்த் தண்ணீர் எந்த வீட்டு வாசலில் எத்தனை அங்குலம் நின்றது என்று எழுதுங்கள். இந்த நோட்டுதான் உங்கள் தேர்தல் அறிக்கை.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "என் தெருவுக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. இப்படிக் கேளுங்கள்: இன்ன தெருவில் இன்ன ஆண்டில் நடந்த சாலைப் பணியின் எஸ்டிமேட் நகல், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த பணி ஆணை நகல், அளவுப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்களின் நகல், பில் தொகை, பராமரிப்புப் பொறுப்பு எத்தனை ஆண்டு. அளவுப் புத்தகம் என்பது பொறியாளர் தெருவில் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுவது, அதை வைத்துத்தான் பில் போகும். ஆபீசில் எல்லோரும் எம்-புக் என்பார்கள். அந்த வார்த்தையை மனுவில் பார்த்ததும் உங்களிடம் பேசும் விதமே மாறும். நடக்கிற பணியைப் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தின் 2(ஒ) பிரிவு உரிமை தருகிறது, இது பலருக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். சாலை போடுவதற்கு முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும், மில்லிங் என்பார்கள். அதைச் செய்யாமல் மேலே மேலே போட்டுத்தான் சென்னையில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே போய்விட்டன, மழை வந்தால் தண்ணீர் நேராக ஹாலுக்குள் வருகிறது. 2021-ல் தலைமைச் செயலாளரே சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு லாரி வந்து நின்றது. சுரண்டும் மெஷின் வரவில்லை. எஸ்டிமேட் நகல் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது, அதில் சுரண்டுவதற்கும் தொகை போட்டிருந்தார்கள், தாரின் கனம் 40 மில்லிமீட்டர் என்றும் இருந்தது. அக்கா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து அந்தக் காகிதத்தை மேஸ்திரியிடம் நீட்டினார். அவர் போனில் யாரையோ கூப்பிட்டார், போனை அக்காவிடம் கொடுத்தார், அந்தப் பக்கம் இருந்தவர் "ரோடு வேணுமா வேணாமாம்மா?" என்று கேட்டார். அக்கா "எஸ்டிமேட்ல இருக்கிற ரோடு வேணும் சார்" என்றார். லாரி திரும்பிப் போனது. தெருவில் பாதிப் பேருக்கு அக்கா மேல் கோபம், வந்த ரோட்டையும் விரட்டிவிட்டாளே என்று. பன்னிரண்டு நாள் கழித்து மெஷினோடு வந்தார்கள். ரோலர் ஓடி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனின் ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் குத்தி அளந்தோம், 38, 40, ஒரு இடத்தில் 35. அந்த மழைக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை.

அந்தத் தெருவில் போட்டவர்களில் பெரும்பாலோர் தேர்தலில் அக்காவுக்குத்தான் போட்டார்கள் என்று எண்ணிக்கை அன்று பூத் வாரியாகப் பார்த்தபோது புரிந்தது. மற்ற தெருக்களில் அவரை யாருக்கும் தெரியவில்லை. இன்னும் பத்துத் தெருவில் இதைச் செய்திருந்தால் ஜெயித்திருப்பார்.

இட ஒதுக்கீட்டுக்குத் தயாராக இருங்கள்

தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம். எந்த வார்டு பொது, எது பெண்கள், எது பட்டியல் சாதியினருக்கு என்ற அறிவிப்பு தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும், வார்டு எல்லையும் மாறலாம். ஆகவே ஒரு ஆளை மட்டும் நம்பி இரண்டு வருஷம் வேலை செய்யாதீர்கள். மூன்று, நான்கு பேர் குழுவாக இருங்கள், அதில் குறைந்தது இரண்டு பெண்கள், முடிந்தால் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர். பெயருக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. நோட்டு எழுதுவதிலும் மனு போடுவதிலும் மண்டல அலுவலகத்தில் பேசுவதிலும் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும். பெண் வார்டு என்று வந்ததும் வீட்டுக்காரம்மா பெயரில் மனு போட்டுவிட்டு, ஜெயித்த பிறகு கணவர் வார்டு அலுவலகத்தில் உட்காருவது நம் ஊரில் சர்வ சாதாரணம். அதை நீங்களும் செய்வதாக இருந்தால் தயவுசெய்து நிற்க வேண்டாம்.

ஓட்டுக் கணக்கு

2022-ல் சென்னையில் சுமார் 61 லட்சம் வாக்காளர்கள், சராசரியாக வார்டுக்கு 30,000. ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம்தான், மாநிலத்திலேயே சென்னைதான் மந்தம். அப்படியென்றால் ஒரு வார்டில் பதிவாவது ஏறக்குறைய 13,000 ஓட்டு. நான்கு முனை, ஐந்து முனைப் போட்டியில் ஐயாயிரம் ஓட்டு இருந்தால் ஜெயிக்கலாம், சில வார்டில் அதற்கும் கீழே. ஓட்டே போடாத 17,000 பேர் வீட்டில் இருக்கிறார்கள். கட்சிகள் தங்கள் ஆட்களைப் பூத்துக்குக் கொண்டுவருவார்கள், அவர்களை மாற்றுவது கடினம். உங்கள் ஓட்டு அந்த 17,000-ல்தான் இருக்கிறது: அடுக்குமாடிக் குடியிருப்புகளில், புதிதாகக் குடிவந்த வாடகைக்காரர்களிடம், பதினெட்டு முடிந்தும் பெயர் சேர்க்காத பிள்ளைகளிடம். வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், பெயர் இருக்கிறதா, இறந்தவர் பெயர் நீக்கப்பட்டதா, ஒரே வீட்டில் அம்மா ஒரு பூத்திலும் மகன் இன்னொரு பூத்திலும் இருக்கிறார்களா என்று சரிபாருங்கள். இந்த வேலையை வருஷக்கணக்கில் செய்தவருக்கு ஓட்டுக் கேட்கும்போது தனியாக அறிமுகம் தேவைப்படாது.

சின்னம்தான் சுயேச்சைக்குப் பெரிய இடி. 2022-ல் மனுத்தாக்கல் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை, பரிசீலனை 5, வாபஸ் 7. வாபஸ் நேரம் முடிந்த பிறகுதான் உங்களுக்குச் சின்னம் கிடைக்கும். வாக்குப்பதிவு 19. பிரசாரம் 17-ஆம் தேதி சாயங்காலம் முடிந்துவிட்டது. அதாவது, ஐம்பது வருஷமாகச் சுவரில் பார்த்துப் பழகிய சின்னங்களுக்கு எதிரே உங்கள் சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்கப் பத்து நாள். இதற்கு ஒரே வழி, சின்னம் வருவதற்கு முன்னாலேயே உங்கள் முகமும் பெயரும் தெரிந்திருக்க வேண்டும், பத்து நாளில் சின்னத்தை மட்டும் சொன்னால் போதும் என்ற நிலைக்கு வந்திருக்க வேண்டும். வாபஸ் அன்று இரவே நோட்டீஸ் அச்சுக்குப் போக, சின்னம் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு டிசைனைத் தயாராக வைத்திருங்கள்.

செலவைப் பற்றி. 2022-ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது போய்விடும். செலவு உச்சவரம்பு சென்னையில் 90,000, மற்ற மாநகராட்சிகளில் 85,000. கட்சிக்காரர்கள் நிஜத்தில் என்ன செலவழிக்கிறார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அந்த வரம்புக்குள் நிற்பதோடு, தினமும் ராத்திரி அன்றைய செலவை எழுதி மறுநாள் காலை டீக்கடை பக்கத்தில் ஒட்டுங்கள். டீசல் இவ்வளவு, நோட்டீஸ் இவ்வளவு, நன்கொடை இன்ன தெருவில் இருந்து இவ்வளவு. ஜெயித்த பிறகு வார்டு கணக்கையும் இப்படித்தான் ஒட்டுவேன் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. சொத்து வரி பாக்கி இருந்தால் மனுப் போடுவதற்கு முன்பே கட்டி ரசீது வாங்குங்கள், முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளர்தானா என்று பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்துச் சரிபாருங்கள். இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் தள்ளுபடியான சுயேச்சை மனுக்கள் ஏராளம்.

கடைசி இரண்டு ராத்திரி கவர் வரும். அதை நீங்கள் தடுக்க முடியாது. வாங்குகிறவர்களைத் திட்டாதீர்கள், நாள் கூலிக்குப் போகிற வீட்டில் அந்தப் பணத்துக்கு மதிப்பு இருக்கிறது, வாங்கினதாலேயே அவர்கள் உங்களுக்குப் போடமாட்டார்கள் என்றும் இல்லை. நாங்கள் போன வருஷத்து சாலை எஸ்டிமேட்டைக் காட்டி, "இந்தத் தெருப் பணத்தில் இருந்துதான்மா அது வருது" என்று மட்டும் சொன்னோம். அதைப் பலர் காது கொடுத்துக் கேட்டார்கள்.

பூத் ஏஜெண்ட் வைக்காமல் நிற்காதீர்கள். ஒரு வார்டில் முப்பது பூத் வரை வரும், ஒவ்வொன்றுக்கும் ஒருவர், மதியம் மாற்றுவதற்கு இன்னொருவர். நான் உட்கார்ந்த பூத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மற்ற ஏஜெண்டுகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி "மச்சான், முடிச்சிரலாமா" என்கிற அளவுக்குப் பழகியிருந்தார்கள். ஒரு பாட்டி வந்து தன் ஓட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதாகச் சொன்னபோது நான் எழுந்து ஆய்வுக்குரிய வாக்கு (தன் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டால் சீட்டில் போடும் ஓட்டு) கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே நான் இல்லையென்றால் பாட்டி வீட்டுக்குப் போயிருப்பார்.

ஜெயித்த அன்று ராத்திரி

இந்தப் பகுதியை நன்றாகப் படியுங்கள், பெரும்பாலான சுயேச்சைகள் இங்கேதான் முடிந்துபோகிறார்கள்.

2022-ல் ரிசல்ட் பிப்ரவரி 22, பதவியேற்பு மார்ச் 2, மேயர் தேர்தல் மார்ச் 4. இந்தப் பத்து நாளில் உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், பொன்னாடையோடு. "ஆளுங்கட்சியில் இருந்தால்தானே வார்டுக்கு நிதி வரும், உன் ஜனத்துக்காகவாவது வா தம்பி" என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் மறுப்பது கடினம். கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை எம்பி, எம்எல்ஏக்களுக்குத்தான். கேரளம் 1999-லேயே உள்ளாட்சிகளுக்குத் தனிச் சட்டம் போட்டு, கட்சியில் சேரும் சுயேச்சைகளையும் அதில் அடைத்துவிட்டது. நம் ஊரில் உங்களைத் தடுப்பது உங்கள் வாக்கு மட்டும்தான். அதனால் அதைத் தேர்தலுக்கு முன்பே பத்திரத்தில் எழுதி, நூறு வாக்காளர் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டீசிலும் அச்சடியுங்கள்: ஐந்து வருஷத்துக்குள் எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன், சேர விரும்பினால் முதலில் ராஜினாமா செய்வேன். கோர்ட்டில் இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு விஷயம், தெருவில் நிற்கும்.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத மன்றத்தில் ஒரு சுயேச்சைக்கு என்ன பலம் வரும் என்பதற்குக் கேரளத்தின் திருச்சூர்தான் நல்ல உதாரணம். 2020 டிசம்பரில் 55 வார்டு கொண்ட அந்த மாநகராட்சியில் இடது முன்னணி 24, காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய முன்னணி 23, பாஜக கூட்டணி 6. காங்கிரசில் இடம் கிடைக்காமல் தனியாக நின்று ஜெயித்த எம்.கே. வர்கீஸ் இடதுசாரிகளை ஆதரித்தார், மேயர் பதவியே அவருக்கு வந்தது. 2015-ல் பெங்களூரிலும் அப்படித்தான், 198-ல் பாஜக 100 ஜெயித்தும் மேயர் பதவி கிடைக்கவில்லை, காங்கிரசும் ஜனதா தளமும் எம்எல்ஏ, எம்பி ஓட்டுகளோடு சுயேச்சைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சுயேச்சைகள் கேரளத்து ரிசார்ட்டில் தங்கவைக்கப்பட்டார்கள், அப்புறம் நிலைக்குழுப் பதவிகள் வந்தன. இரண்டு இடத்திலும் சுயேச்சைக்குப் பதவி வந்தது. ஊருக்கு என்ன விதி மாறியது என்று கேட்டால் என்னால் எதையும் காட்ட முடியவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் பதவி கேட்காதீர்கள். எல்லா வார்டின் பணி ஆணைகளையும் பில்களையும் மாதா மாதம் இணையத்தில் போட வேண்டும், மன்றக் கூட்டம் நேரலையில் வர வேண்டும், பகுதி சபையை (வார்டைப் பகுதிகளாகப் பிரித்து நடத்தும் மக்கள் கூட்டம்) தவறாமல் கூட்ட வேண்டும் என்று மூன்று தீர்மானத்தை எழுதி நீட்டுங்கள், முதல் கூட்டத்திலேயே நிறைவேற்றுகிறவருக்கு ஓட்டு என்று பத்திரிகையாளர்களை வைத்துச் சொல்லுங்கள்.

மன்றத்தில் ஒற்றை ஆளாக

பெரும்பான்மை ஒரு கட்சியிடம் இருந்தால் உங்கள் வேலை பதிவு செய்வது. கூட்டத்துக்கு முன் வரும் பொருள் பட்டியலை (அஜெண்டா) உட்கார்ந்து படியுங்கள், முழுசாகப் படிப்பவர்கள் குறைவு. எண்பது, நூறு தீர்மானத்தை ஒரே மூச்சில் "ஏற்கப்பட்டது" என்று வாசித்து முடித்துவிடுவார்கள். உங்கள் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள், எண்ணைச் சொல்லிக் குறிப்பாக எழுதுங்கள். கேள்வி நேரத்தில் பேச்சு வேண்டாம், எண் கேளுங்கள். "மழைநீர் வடிகால் சரியில்லை" என்றால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். "இன்ன வடிகால் பணிக்கு எந்தத் தேதியில் எவ்வளவு பில் கொடுத்தீர்கள், கால்வாயோடு இணைக்கும் கடைசி 40 மீட்டர் ஏன் கட்டவில்லை" என்றால் யாராவது ஒருவர் கோப்பை எடுக்க வேண்டிவரும். மாமன்றத்தைவிட மண்டலக் குழுக் கூட்டத்தில் உங்களுக்குப் பேச நேரம் கிடைக்கும், உதவிப் பொறியாளர் எதிரிலேயே இருப்பார், அதைத் தவறவிடாதீர்கள். நிலைக்குழுவில் இடம் கிடைத்தால் கணக்குக் குழுவைக் கேளுங்கள், மற்றவர்கள் பணிகள் குழுவுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

பொறியாளர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். நல்லபடியாக வேலை செய்ய நினைக்கிற உதவிப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், மேலிருந்து அழுத்தம் வரும்போது "சார், அந்தக் கவுன்சிலர் எழுதிக் கேட்பார்" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளாக இருங்கள்.

பெரிய ஆயுதம் பகுதி சபை. 2022-ல் வந்த விதிகளின்படி சென்னையில் ஒரு வார்டு பத்துப் பகுதியாகப் பிரிகிறது, பகுதிக்கு ஒருவர் என்று வார்டு குழு, அதன் தலைவர் கவுன்சிலர். பல வார்டுகளில் இது படம் எடுப்பதற்காக நடக்கிறது. நீங்கள் உண்மையாக நடத்துங்கள். கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்காமல் ஞாயிறு சாயங்காலம் வையுங்கள், மேடை போடாமல் தெருவிலேயே நாற்காலி போடுங்கள். கவுன்சிலர் வார்டு நிதி 2022-23-ல் 35 லட்சம், அப்புறம் கூட்டியிருக்கிறார்கள். அந்தத் தொகையை எந்த வேலைக்குச் செலவழிப்பது என்று பகுதி சபைகளிலேயே முடிவெடுக்க விட்டுவிடுங்கள். உங்கள் தெருவுக்கு ஒன்றும் வராமல் போகலாம், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பணி தொடங்கும்போது எஸ்டிமேட்டின் முக்கிய அளவுகளைப் பெரிய எழுத்தில் தெருமுனையில் ஒட்டுங்கள், நீளம், அகலம், கனம், தொகை, முடியும் தேதி. ஸ்டீல் ஸ்கேல் எல்லா வீட்டிலும் இருக்கிறது. உங்களுக்கு மதிப்பூதியமாக வருவது மாதம் 10,000 ரூபாய், 2023 ஜூலையில் இருந்து. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, வேறு வருமானம் என்ன என்பதையும் வருஷா வருஷம் எழுதி ஒட்டுங்கள்.

பக்கத்து வார்டுகளும், சின்ன ஊர்களும்

தனி ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பக்கத்து வார்டிலும் ஒருவர் வேண்டும். மும்பையில் 2007-ல் குடியிருப்பாளர்களே சேர்ந்து "குடிமக்கள் வேட்பாளர்" என்று ஆட்களை நிறுத்தினார்கள், ஜூஹூவில் அடால்ஃப் டிசூசா ஜெயித்தார். நல்ல முயற்சிதான், ஆனால் அத்தனை பெரிய மன்றத்தில் அவர் ஒருவர்தான். இன்னொரு பக்கம் கேரளத்தின் கிழக்கம்பலம். 2015-ல் ட்வென்டி20 என்ற அமைப்பு 19 வார்டில் 17-ஐப் பிடித்தது, 2020-ல் நான்கு பஞ்சாயத்துகளுக்குப் பரவியது. அங்கே பின்னால் இருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் பணம். கட்சி இருந்த இடத்தில் முதலாளி உட்காருவது எனக்கு மாற்றமாகத் தெரியவில்லை. உங்கள் குழுவுக்கு யாராவது மொத்தமாகப் பணம் தர வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தெருவுக்கு ஐநூறு, ஆயிரம் என்று சேருங்கள்.

அப்புறம் ஒன்று. நீங்கள் பேரூராட்சியில் இருந்தால் சென்னைக்காரர்களைவிட உங்கள் கையில் அதிக பலம் இருக்கிறது. பல பேரூராட்சிகளில் மொத்தமே 15, 18 வார்டுதான், வார்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ஓட்டு. 2022-ல் மாநிலம் முழுக்கப் பேரூராட்சி வார்டுகளில் ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் சுயேச்சைகள் ஜெயித்தார்கள். அவர்களில் பலர் கட்சியில் சீட்டு கிடைக்காதவர்கள், மறுபடி கட்சிக்கே போனவர்கள், அது உண்மை. ஆனால் எட்டு பேர் ஒரே நோட்டோடு, ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நின்றால் ஒரு பேரூராட்சியை முழுசாக வெளிப்படையாக நடத்திக் காட்ட முடியும். முதல் மாற்றம் மாநகராட்சியில் வராது, அங்கேதான் வரும் என்பது என் கணிப்பு.

தோற்றால்

எங்கள் அக்கா மூன்றாவது இடம். டெபாசிட் கிடைத்தது. ஒரு மாதம் யாரும் பேசவில்லை. பகுதி சபைக் கூட்டம் என்று அறிவித்தபோது அவர் அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ஜெயித்த கட்சிக் கவுன்சிலர் மேடையில் இருந்தார், கூட்டத்தில் இருபது பேர்கூட இல்லை. அக்கா எழுந்து 14 தெருவின் வடிகாலையும் எங்கே அடைத்திருக்கிறது, எத்தனை மீட்டர் இணைக்கவில்லை என்று ஒன்று ஒன்றாக வாசித்தார். கவுன்சிலர் முதலில் குறுக்கிட்டார், நான்காவது தெருவுக்கு அப்புறம் அவரே பொறியாளரிடம் "எழுதிக்கோங்க" என்றார். அந்த 14-ல் ஆறு அந்த மழைக்கு முன்பு முடிந்தது. அடுத்த கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் இருந்து ஒன்பது பேர் போனோம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு.

உங்கள் வார்டின் பகுதி சபை அடுத்து எப்போது என்று நாளைக்கே வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். தெரியாது என்றால் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், மனு கொடுத்த ரசீதில் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.